பின் இருக்கையில் யார்?

அண்ணா நகரில் டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளராக இருக்கும் எனக்குக் கிளட்சும் கியரும் கற்றுக்கொடுப்பது பெரும்பாடாக இருந்ததில்லை. பழகப் பழகக் கையும் காலும் தாமாகவே வழிக்கு வந்துவிடும். மஞ்சள் விளக்கு விழும் கணத்தில் நிற்பதா, பாய்வதா என்ற முடிவுதான் எளிதில் வசப்படாதது. அது பல வேளைகளில் ஓட்டுபவரின் திறமையைவிடப் பின் இருக்கையில் இருப்பவரைப் பொறுத்தே அமைகிறது.

கல்லூரி மாணவர் ஒருவர் தனியாக வரும் நாள்களில், திருமங்கலம் சிக்னலில் பச்சை விளக்கின் எண்கள் குறையத் தொடங்கியதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். நண்பர்கள் இருவர் ஏறிக்கொண்ட நாளில் அதே எண்களைக் கண்டு வண்டி சீறியது; என் பக்கத்து பிரேக்கை நான்தான் மிதித்தேன். பின்னாலிருந்தவர்கள் 'அடிச்சுப் போ மச்சான்' என்றுகூடச் சொல்லவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்ப்பதே போதும் என்பதை அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் செய்ன், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் குழுவினர் 2011இல் காட்டினர். ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஆடும் காரோட்டும் விளையாட்டு அது: மஞ்சளில் நின்றால் சற்று நேரம் வீண், துணிந்து கடந்தால் மிச்சம், மோதினால் பெருநஷ்டம். அடுத்த அறையிலிருந்து நண்பர்கள் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தபோது 14 முதல் 18 வயது வரையிலானவர்கள் கூடுதலாகத் துணிந்தனர். வெகுமதியை உணரும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியும் அப்போது அதிகமாகக் கிளர்ந்தது. 24 வயதைக் கடந்தவர்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஈவா டெல்சரின் குழுவினர் 2015இல் 14 வயதுப் பிள்ளைகளைத் தாயின் முன்னிலையில் சோதித்தபோது நேர்மாறாக நடந்தது: துணிச்சலும் குறைந்தது, துணிந்த பின் அதே பகுதியில் எழும் கிளர்ச்சியும் தணிந்தது.

அப்படியானால் அம்மாவை ஏற்றிவிட்டு நண்பர்களை இறக்கிவிட்டால் போதும் என்று பெற்றோர் சிலர் முடிவுகட்டுவார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. டெல்சர் குழுவின் அதே ஆண்டைய மற்றோர் ஆய்வில், நண்பர்களோடு பிணக்கு மிகுந்த பிள்ளைகளே அதிகம் துணிந்தனர். ஆதரவான நட்பு வாய்த்தவர்களிடம் அந்தப் பாதிப்பு மட்டுப்பட்டது. ஆகவே யார் அருகில் இருக்கிறார் என்பதோடு, அவரோடு உறவு எப்படி இருக்கிறது என்பதையும் மூளை கணக்கில் கொள்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இதை நான் அதிகம் காண்பது நடுவயதில் ஓட்டக் கற்கும் பெண்களிடம். கணவர் பின்னாலிருந்து 'பிரேக் போடு, பிரேக் போடு' என்று அதட்டத் தொடங்கிவிட்டால், அவர்கள் உள் கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்தைப் பார்ப்பதில்லை; கணவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அப்புறம் நடுச் சந்திப்பில் வண்டி நின்றுபோகும், சுற்றிலும் ஹாரன் அலறும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் 2006இல் மணமான 16 பெண்களுக்கு லேசான மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்துச் சோதித்தார். அது முடிவெடுத்தலைப் பற்றியதன்று, அச்சத்தைப் பற்றியது. ஆயினும் எனக்கு அது மிகவும் பொருந்துகிறது. கணவரின் கையைப் பற்றியிருந்தபோது மூளையின் அச்சப் பதைப்பு அடங்கியது, இல்லறம் இணக்கமாக இருந்தவர்களிடம் இன்னும் நன்றாக அடங்கியது.

ஆதலால் முதல் சில வகுப்புகளுக்கு யாரை அழைத்து வருவது என்பதைக் கற்பவரிடமே விட்டுவிடுகிறேன். 'அவர் வேண்டாம் சார்' என்ற ஓர் அம்மா தம் மாமியாரை அழைத்து வந்தார். எனக்குச் சற்றுத் திகைப்புதான். அந்தப் பாட்டியோ நூறடிச் சாலை நெடுகச் சாலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், கோயம்பேடு மார்க்கெட்டுக்குத் தம்மை எப்போது காரில் கூட்டிப்போவாய் என்பதை மட்டும் மருமகளிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அந்த வாரத்திலேயே மருமகளுக்கு ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி அழுத்தியபடி வண்டியை மெல்ல நகர்த்தும் வித்தை, பிடிபட்டுவிட்டது.