பழைய லெப்டொப் திரையில் மொனிட்டர்: லேபிளின் கடைசி எழுத்து வரை பார்த்து வாங்குங்கள்

மதர்போர்ட் செத்த லெப்டொப் வீட்டில் கிடந்தால் அதன் திரையைக் கழற்றி மொனிட்டராக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். நானும் ஒருவழியாகச் செய்து முடித்துவிட்டேன். மகள் இப்போது அதில்தான் ஐசிடி பாடம் செய்கிறாள். ஆனால் வேலையைவிட அலைச்சல்தான் அதிகம். அது உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

திரையைக் கழற்றுவது லேசு. பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில்தான் விஷயமே இருக்கிறது. என்னுடையதில் என்156பிஜிஇ-எல்21 என்று இருந்தது. 15.6 அங்குலம், 1366க்கு 768 பிக்சல். இந்த வரிசையில் கோட்டுக்குப் பிறகு ‘எல்’ வந்தால் 40 பின் எல்விடிஎஸ், ‘இ’ வந்தால் 30 பின் இடிபி. இரண்டும் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு வகைகள். முன்பக்கம் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் திரையைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் போர்ட் ஒன்றுக்குரியது மற்றதற்குச் சரிவராது. வேறு கம்பனி பெனல், அதாவது திரை, என்றால் எழுத்துகளும் வேறு; முழு நம்பரையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் போர்ட்டுக்குச் சொன்னேன். நம்பரைத் தாளில் எழுதியும் கொடுத்தேன். கவுண்டரில் நின்ற பையன் பாதி நம்பரைத்தான் டைப் பண்ணினான். “கடைசி எழுத்தையும் போடுங்க தம்பி” என்றேன். “15.6 எண்டா எல்லாம் ஒண்டுதான் அண்ணன்” என்றான். காசை முழுதாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு கல்லடிப் பாலம் தாண்டிப் போய்க் கேட்கும்போதெல்லாம் “கொழும்பிலருந்து வரல்ல, மறுகா வாங்க” என்ற ஒரே பதில்தான்.

கடைசியில் வந்தது இடிபி போர்ட். கவுண்டரிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கேபிளின் நுனி என் பெனலின் சொக்கெட்டைவிடக் குறுகலாக இருந்தது. பிரித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த தாள் அவர்களுடைய ஓடர் கொப்பியிலேயே குத்தியிருந்தது. அதைக் காட்டிவிட்டு, முதலாளி வரும்வரை நகரவில்லை. அவர் வந்து பார்த்து, மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆனால் திருப்பி அனுப்பும் கூரியர் செலவை என் தலையில் கட்டினார். தவறு அவர்களுடையது, செலவு என்னுடையது. இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஓடர் கொடுக்கும்போது பில்லில் முழு மொடல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்து வந்தது வி59 என்ற எல்விடிஎஸ் போர்ட். சரியான சாமான்தான். ஆனால் கேபிளைச் செருகுமுன் ஜம்பரைப் பாருங்கள். பெனலுக்குப் போகும் மின்னழுத்தத்தை 3.3, 5, 12 வோல்ட் என்று அந்தச் சின்னப் பிளாஸ்டிக் தொப்பிதான் தீர்மானிக்கிறது. எனக்கு வந்ததில் 12இல் இருந்தது. லெப்டொப் பெனலுக்கு வேண்டியது 3.3. அப்படியே செருகியிருந்தால் பெனல் அந்த நிமிடமே போயிருக்கும். தொப்பியை மாற்றி, மல்டிமீட்டர் வைத்து 3.3 காட்டுவதைப் பார்த்த பிறகே பெனலை இணைத்தேன்.

வெளிச்சம் வந்தது, படம் சரியாக வரவில்லை. கோடு கோடாகப் பிளந்து, நிறமும் மாறிக் கிடந்தது. போர்ட்டில் இருந்தது 1920க்கு 1080 பெனலுக்கான மென்பொருள். கடையில் கேட்டால் “அது எங்கட வேலை இல்ல” என்றார்கள். காத்தான்குடியில் டிவி திருத்தும் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் 1366க்கு 768 ஃபைலைப் பென் ட்ரைவில் போட்டு, போர்ட்டில் செருகி, மின்சாரம் கொடுத்தார். சின்ன விளக்கு படபடவென்று மின்னத் தொடங்கியது. “இது நிக்கும்வரைக்கும் கையை வெச்சிராதீங்க தம்பி, நடுவில கரண்ட் போனா போர்ட் போயிரும்” என்றார். விளக்கு நின்றதும் திரையில் எழுத்துகள் பளிச்சென்று வந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவரோ தேத்தண்ணிக் காசு மாதிரி ஏதோ கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

மின்சாரத்துக்குத் தனி அடப்டர் வாங்கவில்லை. சிபியூ பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையில் சும்மா தொங்கும் நாலு வயர் பிளக்கில் மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். அதிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே உள்ள சிவப்பு 5 வோல்ட். அதில் இந்த போர்ட் ஓடாது. சிபியூவைப் போட்டால் மொனிட்டருக்கும் மின்சாரம் வந்துவிடும்.

சட்டத்தைப் படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் அடித்தேன். மரத்தில்தான் செய்யுங்கள். பெனலின் கீழ் விளிம்பில் நீளமாக ஒரு மெல்லிய சர்க்கிட் ஓடுகிறது; அலுமினியம் அதில் பட்டால் ஷோர்ட் ஆகும். ஆணி அடிக்கும்போது பெனல் உள்ளே இருக்கவே கூடாது.

மொத்தச் செலவு, கூரியரையும் சேர்த்து, புது மொனிட்டர் விலையில் பாதிகூட வரவில்லை. இதைப் பார்த்துவிட்டு மச்சானும் தன் பழைய லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது 2007இல் வாங்கியது. திரைக்குப் பின்னால் எல்ஈடி இல்லை, மெல்லிய குழாய் விளக்கு. அதற்கு இன்வேட்டர் என்று இன்னொரு போர்ட் வேண்டும், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். குழாய்க்குள் பாதரசமும் இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.