சேலத்திலிருந்து ஏழிமலை: கடற்படை அகாடமிக்குப் போகும் வழி

கடற்படை அதிகாரியாகத் தேர்வான சேலத்துப் பிள்ளை போய்ச் சேர வேண்டிய இடம், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள ஏழிமலை. சங்கப் பாடல்களில் வரும் மன்னன் நன்னனின் ஏழில்மலை இதுதான். உயரம் 286 மீட்டர். ஏற்காட்டுக்காரர்கள் இதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கடலோரத்திலேயே எழுந்து நிற்பதால் மாலுமிகளுக்குப் பழங்காலத்திலிருந்தே அடையாளம். கலங்கரை விளக்கமும் இப்போது அகாடமி வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

அகாடமி இங்கே வந்து நிலைக்க 40 வருடம் பிடித்தது. 1969-ல் கொச்சியில் தற்காலிகமாகத் தொடங்கி, 1986-ல் கோவாவுக்கு மாறியது. ஏழிமலையில் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டியது 1987 ஜனவரி 17; மன்மோகன் சிங் திறந்து வைத்தது 2009 ஜனவரி 8. பிளஸ் டூ முடித்து வருபவர்களுக்கு நான்கு வருட பி.டெக். புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் மூன்று வருடம் முடித்த கடற்படை கேடட்டுகளும், கடலோரக் காவல்படை அதிகாரிகளும் பயிற்சிக்கு வருவது இங்கேதான்.

சேலம் ஜங்ஷனிலிருந்து ரயிலில் சுமார் 450 கி.மீ. இறங்க வேண்டியது பய்யனூர். ஏழிமலை என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு, அதை நம்பி டிக்கெட் தேடாதீர்கள். அங்கே பாசஞ்சர் வண்டிகள்தான் நிற்கும். சென்னை - மங்களூர் மெயில் வசதி, காலையில் இறங்கிவிடலாம். ஆனால் அது சேலம் வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர் திங்கட்கிழமைத் தேதிக்கு டிக்கெட் போட வேண்டும். தேதியை மாற்றிப் போட்டுவிட்டு, முந்தின நாளே போய்விட்ட வண்டிக்காக சூரமங்கலத்தில் காத்திருப்பவர்கள் உண்டு. ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் கடைசி பஸ்ஸை நம்பாமல் சாயங்காலமே இறங்கிவிடுவது நல்லது.

பய்யனூரிலிருந்து அகாடமி வாசலுக்கு சுமார் 12 கி.மீ., ஆட்டோ, டாக்ஸி கிடைக்கும். ஜூன், ஜூலையில் அங்கே மழை கொட்டும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா சுற்றிப் பார்க்க உள்ளே விடமாட்டார்கள். மே, நவம்பர் கடைசியில் நடக்கும் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குப் பெற்றோரை அழைப்பார்கள். கேடட்டின் தோள்பட்டையில் பதவிக் கோடுகளை அணிவிப்பது பெற்றோர்தான். அணிவகுப்பு காலையிலேயே தொடங்கிவிடும் என்பதால் முதல் நாளே பய்யனூரிலோ கண்ணூரிலோ அறை எடுத்துத் தங்க வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் பட்டுப்புடவை வேண்டாம்.