கயிறு கனமில்லாமல் வந்தது

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்து ஓய்ந்தபோது, பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் நின்ற தென்னை நாலில் ஒன்றுதான். விழுந்து கிடந்ததை அப்புறப்படுத்த அந்த டிசம்பரில் வாங்கியது இந்த மரம் அறுக்கும் மெஷின். 50 சிசி, டூ ஸ்ட்ரோக். ஆறு வருடம் முரண்டு பிடிக்காமல் உழைத்துவிட்டு, ஒரு தை மாதம் வேப்பங்கட்டையின் பாதி அறுப்பில் இறுகி நின்றுவிட்டது.

சிலிண்டரும் பிஸ்டனும் செட்டாக 2,200 ரூபாய்க்குக் கிடைத்தன. ஒரிஜினல் இல்லை. நானே மாட்டினேன். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் வாய் பள்ளத்தில் இருக்கும் குட்டி ஊசியில் உட்கார வேண்டும். இரண்டையும் இரண்டு முறை பார்த்தேன். முதல் இழுப்பிலேயே கயிறு கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தது. மூன்று டேங்க் பெட்ரோல் நன்றாக ஓடியது. நாலாவது டேங்க் ஊற்றி இழுத்தால், கிணற்றில் வாளி அறுந்த கயிறு மாதிரி கனமே இல்லாமல் வருகிறது.

கைப்பிடியைப் பிடித்து மெஷினைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தேன். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே அடைத்து அழுத்தும் காற்றின் எதிர்ப்பு, இருந்தால் நின்று நின்று இறங்கும். இது சரசரவென்று தரைக்குப் போனது.

மச்சானிடம் கார் என்ஜினுக்கான கம்ப்ரஷன் கேஜ் இருந்தது. அதை மாட்டி இழுத்தால் 60 பிஎஸ்ஐ. ஆரோக்கியமான மெஷின் 150 பக்கம் காட்ட வேண்டும். அன்று இரவு தூக்கம் போனது. ஆனால் அந்த 60 பொய். காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு அந்தக் கேஜில் மீட்டர் பக்கம் இருக்கிறது. அதனால் ஹோஸ் முழுக்க சிலிண்டரோடு சேர்ந்துவிடுகிறது. ஹோஸின் உள்விட்டம் 5 மி.மீ., நீளம் 40 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 8 சிசி. என் மெஷினில் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மிஞ்சும் இடமே சுமார் 6 சிசிதான்! கார் என்ஜினுக்கு இந்த ஹோஸ் ஒரு பொருட்டில்லை. இந்தச் சின்னத் தலைக்கு அது இன்னொரு தலை. பிளக் துளையில் மாட்டும் முனையிலேயே வால்வு உள்ள கேஜை பட்டுக்கோட்டை மெக்கானிக் அண்ணனிடம் வாங்கி வந்து பார்த்தேன். 95.

சரி, 95-ம் கேவலம்தான். பிளக் துளை வழியாக, பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயில் கொஞ்சம் விட்டு மறுபடி இழுத்தேன். 120-க்கு ஏறியது. ஆயில் ரிங் இடுக்கை அடைத்ததால்தான் ஏறியது, ரிங்தான் கோளாறு என்று முடிவுகட்டி அண்ணனுக்கு போன் செய்தேன்.

"தம்பி, அந்தச் சின்ன இடத்துல ஆயில் ஊத்துனா அதுவே இடத்த அடச்சுக்கும், முள்ளு ஏறத்தான் செய்யும். அத விடு. மொத பிஸ்டன் எதனால போச்சுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. போனது போய்விட்டது, புதுசு மாட்டினால் சரி என்று இருந்துவிட்டேன்.

பிளக்கைச் சுற்றியும், சுலபமாக ஸ்டார்ட் ஆக மேலே அழுத்தும் டீகம்ப்ரஷன் பட்டனைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தடவி இழுத்துப் பார்த்தேன். குமிழி இல்லை. அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: இரண்டே போல்ட்டைக் கழற்றி சைலன்சரை எடுத்துவிட்டு, துளை வழியாக டார்ச் அடித்தேன். புது பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடுகள். உருகிய அலுமினியம் ரிங்கின் மேல் இழுபட்டு, ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பரணில் கிடந்த பழைய பிஸ்டனை எடுத்துப் பார்த்தால் அதே பக்கம், அதே கோடுகள்.

கோடு எந்தப் பக்கம் என்பதில்தான் விஷயம். ஆயில் கலக்காத பெட்ரோல் என்றால் சுற்றிலும் கீறியிருக்கும். ஃபில்டர் கிழிந்து தூசி போயிருந்தால் கார்பரேட்டர் பக்கம் தேய்ந்திருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் சூடு. பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிட்டது. லிட்டருக்கு 20 மில்லி ஆயில் நான் அளந்துதான் ஊற்றுகிறேன். ஆக, எங்கிருந்தோ திருட்டுக் காற்று.

பட்டறையில் சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக அரை பார் காற்று ஏற்றினோம். ஆயில் சீலில் ஒன்றும் இல்லை. முள் மட்டும் மிக மெதுவாக இறங்கியது. "பிஸ்டன் கீழ நிக்குது, அதான் கார்பரேட்டர் பக்கத் துளைய மறைச்சுக்கிட்டு நிக்குது" என்று அண்ணன் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். இந்த முறை பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் இம்பல்ஸ் குழாய் வழியாகக் காற்று. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பூட்டின் அடிப்பக்கத்திலிருந்து மீன் மூச்சு விடுகிற மாதிரி குமிழிகள். ரப்பரைக் கையில் மடக்கினால்தான் வெடிப்பே தெரிந்தது. விலை 180 ரூபாய்.

சிலிண்டரை எறிய மனமில்லை. ஒட்டியிருந்த அலுமினியத்தை டைல்ஸ் கழுவும் ஆசிட்டில் நனைத்த பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தோம். நுரைத்தால் அலுமினியம் இருக்கிறது, நுரை நின்றால் போய்விட்டது. சிலிண்டரின் உள்சுவரில் இருப்பது நிக்கல் முலாம் என்றால் ஆசிட் அதை அவ்வளவு சீக்கிரம் அரிக்காது; குரோம் முலாம் என்றால் அரித்துவிடும். போர்ட் எனும் சிலிண்டர் துளைகளின் ஓரம் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும், அதனால் அவசரம் கூடாது. உள்ளே முலாம் உரியவில்லை. மலிவு செட்டை இத்தனை நாள் திட்டியது வீண்.

புது பிஸ்டன், புது ரிங், புது பூட். 150 காட்டியது. கார்பரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் ஹை ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்து, சுமையில்லாமல் முழு ஆக்சிலேட்டரில் சத்தம் லேசாகப் பொருமுகிற அளவில் வைத்தேன். கட்டைக்குள் இறங்கியதும் அந்தப் பொருமல் தெளிந்துவிட வேண்டும்.

ஆறு டேங்க் ஆகிவிட்டது. நேற்று சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு இல்லை.