மெரியன் பக்கம்: பணி நாட்குறிப்பு

மார்ச் 18

இயற்கையியலாளர் வரிசையில் அடுத்தவர் மரியா சிபில்லா மெரியன். எழுத்து 300 சொல், படம் மூன்று. பிறப்பு 1647, பிராங்க்பர்ட். தந்தை மத்தேயுஸ் மெரியன் செப்புத் தகட்டில் படம் செதுக்குபவர், பதிப்பாளர். மகளுக்கு மூன்று வயதானபோது இறந்தார். வரையக் கற்றுக்கொடுத்தவர் மாற்றாந்தந்தை யாகோப் மாரெல், பூ ஓவியர். 13 வயதில் பட்டுப்புழுக்களைக் கவனிக்கத் தொடங்கிய மெரியன், 1679இல் கம்பளிப்புழு நூலின் முதல் பாகத்தை 50 தகடுகளோடு (தகட்டிலிருந்து அச்சிட்ட படங்கள்) வெளியிட்டார்.

புழு பறக்கும் பூச்சியாக மாறுவதைக் கண்டுபிடித்தவரே இவர்தான் என்று எழுதிவிடக் கூடாது. டச்சு இயற்கையியலாளர் சுவாமர்டாமின் பூச்சி நூல் 1669இலேயே வந்துவிட்டது. மெரியன் செய்தது வேறு: முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி, அந்தப் புழு தின்னும் செடி, எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்தார். எந்தப் புழுவுக்கு எந்த இலை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். பின்னாளில் அவர் தென் அமெரிக்காவுக்குச் செய்த கப்பல் பயணத்தைவிட இதற்கே அதிக வரிகள் தர வேண்டும்.

மார்ச் 20

1699இல், 52 வயதில், இளைய மகள் டொரொத்தியாவுடன் தென் அமெரிக்காவில் டச்சுக் குடியேற்றமான சூரினாமுக்குப் போனார். உடல்நலம் கெட்டதால் 1701இல் திரும்பினார். சூரினாம் பூச்சி நூல் 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது, 60 தகடுகள். பயணத்துக்கு இரண்டு வரி போதும்.

மார்ச் 23

படத் தேர்வில்தான் சறுக்கல் அதிகம். மெரியன் 1717இல் இறந்தார். சூரினாம் நூலின் 1719 பதிப்பில் தகடுகள் 72; கூடுதலான 12இல் சில அவர் வரைந்தவையே அல்ல. ஆகவே 60க்கு மேல் எண் உள்ள படத்தைத் தொடவே வேண்டாம். 1705 பதிப்பிலும் பெரும்பாலான தகடுகளைச் செதுக்கியவர்கள் முல்டரும் ஸ்லாய்டரும். படக்குறிப்பில் ‘வரைந்தவர் மெரியன்’ என்பதோடு செதுக்கியவர் பெயரும் வர வேண்டும்.

நிறம் பிரதிக்குப் பிரதி மாறும், ஒவ்வொன்றும் கையால் தீட்டியது. எந்த நூலகத்துப் பிரதி என்று குறிக்காமல் இறக்கை நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

இடவலச் சிக்கலும் உண்டு. தகட்டிலிருந்து அச்சாகும் படம் இடவலம் மாறி வரும். மை காயாத அந்தத் தாள்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தினால் மறுபடியும் மாறும். மெரியனின் சில பிரதிகள் இப்படி எடுத்தவை. கோடு மெலிதாக இருக்கும், தகடு பதிந்த விளிம்புத் தடம் இருக்காது. இரண்டு வகைப் படங்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்று தவறு என்று திருப்பிவிடுகிறார்கள். திருப்பவே கூடாது.

மார்ச் 24

ஏ5 முழுப்பக்கத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 1748 × 2480 பிக்சல். பழுப்பேறிய தாளை வெள்ளையாக்கும்போது வெளிர்மஞ்சள் தீட்டலும் சேர்ந்து போய்விடும். இறக்கை வெறும் கோடாக நிற்கும். நிறம் தீட்டாத ஓரத்தை அளவாக வைத்துக் கொஞ்சமாகத் திருத்தி, மங்கலான இறக்கை இன்னும் தெரிகிறதா என்று பார்த்து நிறுத்த வேண்டும். தாள் கொஞ்சம் பழுப்பாகவே இருக்கட்டும்.

மார்ச் 27

முதல் படம் சூரினாம் நூலின் 18ஆம் தகடு: கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற சிறு ஓசனிச்சிட்டைத் தின்கிறது. பிற்காலத்தார் பலர் இதைக் கட்டுக்கதை என்றார்கள். ஆங்கில இயற்கையியலாளர் பேட்ஸ் அமேசானில் சிலந்தி சிறு பறவைகளைப் பிடித்திருந்ததைக் கண்டு 1863இல் எழுதினார். சிலந்தி விஷயத்தில் மெரியன் சரி. ஆனால் அதே படத்தில் கூட்டில் நான்கு முட்டைகள். ஓசனிச்சிட்டு வழக்கமாக இடுவது இரண்டு. இலைவெட்டி எறும்பின் வேலையும் படையெறும்பின் வேலையும் ஒரே எறும்பின்மேல் ஏறியிருக்கின்றன. விளக்குப்பூச்சி (lanternfly, மின்மினி அல்ல) ஒளிவிடும் என்று அவர் எழுதியதும் தவறு. இவற்றைப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அவர் சரியாகக் கண்டதையும் வாசகர் நம்பமாட்டார்.

மார்ச் 29

இரண்டாவது, 45ஆம் தகடு. நம் வீட்டு வாசல்களில் நிற்கும் மயில்கொன்றைதான். அதன் விதையைக் கொண்டு அடிமைப் பெண்கள் கருவைக் கலைத்தார்கள், பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்பதற்காக. அவர்கள் வாயால் கேட்டதாகவே மெரியன் எழுதியிருக்கிறார். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தச் செய்திதான். வேறு எதை வெட்டினாலும் இது இருக்க வேண்டும்.

ஏப்ரல் 1

மூன்றாவது, உருவப்படம். மருமகன் கெஓர்க் க்ஸெல் வரைந்ததை ஹௌப்ராக்கன் செதுக்கியது. அதில் இருப்பவர் முதிய மெரியன். சூரினாம் பத்தியருகே வைத்தால் அந்த வயதில் கப்பலேறினார் என்று தோன்றும். ஆகவே அதன் இடம் 1717க்குப் பக்கத்தில்.