அமர்ந்த இடம் விட்டு எழாத அசுகா புத்தர்

ஜப்பானில் நாராவுக்குப் போகிறவர்கள் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரையும் மான்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் புத்தரைவிட 140 வருஷத்துக்கும் மேல் மூத்த இன்னொரு புத்தரைத் தரிசிக்க ஆசை. அவர் இருப்பது நாராவுக்குத் தெற்கே, அசுகா கிராமத்தில். கின்டெட்சு ரயிலில் அசுகா நிலையத்தில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்தேன். வழியெல்லாம் வயல்.

அவர் இருக்கும் அசுகா தேரா ('தேரா' என்றால் கோயில்) வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கிராமத்துக் கோயில்தான். ஜப்பானின் முதல் பெரிய பௌத்தக் கோயில் இது என்று நம்பவே முடியாது. சோகா குலத் தலைவர் உமாகோ 588-இல் கட்டத் தொடங்கினார். கொரியாவின் பெக்ஜே அரசிலிருந்து துறவிகளும், கோயில் தச்சர்களும், ஓடு செய்யும் ஆசான்கள் நால்வரும், ஓவியர் ஒருவரும் வந்ததாக 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. கூரைக்கு ஓடு போடும் வழக்கமே ஜப்பானுக்கு அப்போதுதான் வந்தது.

மண்டபத்துக்குள் பாயில் உட்கார்ந்து நிமிர்ந்தால் நேர் எதிரே சாக்கிய முனி. உயரம் சுமார் 2.75 மீட்டர், வெண்கலம். தோரி என்ற சிற்பி வார்த்தது. 609-இல் முடிந்ததாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். நீண்ட முகம், பாதாம் வடிவக் கண்கள். கன்னத்திலும் உடம்பிலும் ஒட்டுப்போட்ட தழும்புகள் அப்படியே தெரிகின்றன. 1196-இல் இடி விழுந்து கோயில் எரிந்தபோது பட்ட காயம். முகத்தின் ஒரு பகுதியும் சில விரல்களும்தான் பழையவை என்று நெடுநாள் நம்பினார்கள். அண்மை எக்ஸ்-கதிர் ஆய்வுகளுக்குப் பிறகு, பழைய உலோகம் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. பின்னமான விக்கிரகத்தைப் பூஜையில் வைப்பதில்லை என்ற நம்மூர் வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, இந்தத் தழும்புகளோடு விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றுக்கொள்ளும் முகத்தைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது. படம் எடுக்கவும் விடுகிறார்கள். ஜப்பானியக் கோயில்களில் இது அபூர்வம்.

சிலை தயாரானதும் கதவைவிட உயரமாக இருந்ததாம். கதவை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் பேச, தோரி ஒன்றையும் உடைக்காமல் உள்ளே சேர்த்துவிட்டார் என்கிறது நிஹோன் ஷோகி. எப்படி என்று மட்டும் அந்த நூல் சொல்லவில்லை! அப்படி உள்ளே போனவர் அப்புறம் நகரவேயில்லை. தலைநகரம் நாராவுக்குப் போனது, 718-இல் கோயிலும் இடம் மாறியது, மூலவர் மட்டும் இங்கேயே இருந்துவிட்டார். மேலே இருந்த மண்டபம் எரிந்து, பின்னால் வெறும் குடிசைக்குள் இருந்த காலமும் உண்டு. அடியிலுள்ள கல் பீடம் பழைய இடத்திலேயே இருப்பதை அகழாய்வும் காட்டியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் அந்த அகழாய்வுதான். 1956, 57-இல் தோண்டியபோது, நடுவில் ஒரு கோபுரம், அதன் மூன்று பக்கமும் மூன்று மண்டபம் என்ற அமைப்பு வெளிப்பட்டது. இதே அமைப்பு பியோங்யாங் அருகே கோகுர்யோ என்ற பழைய கொரிய அரசின் காலக் கோயில் ஒன்றில் உண்டு. கோபுரத்தின் நடுத்தூணுக்கு அடியில், மிக ஆழத்தில் அடிக்கல். 593-இல் புத்தரின் தாது, அதாவது அவருடைய உடலின் எச்சம், வைக்கப்பட்டது அங்கேதான். தாதுவோடு சேர்த்து இட்ட காணிக்கைகள் என்ன தெரியுமா? வளைந்த மகதமா மணிகள், இரும்புக் கவசம், குதிரைக்குக் கட்டும் மணி. எல்லாம் பெரிய மனிதர்களின் கல்லறை மேடுகளில் புதைக்கிற பொருள்கள். புதிதாக வந்த பகவானுக்கு எதை வைப்பது என்று தெரியாமல் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. தங்களிடம் இருந்ததிலேயே உயர்ந்த மரியாதை எதுவோ, அதைச் செய்திருக்கிறார்கள்.

கோயிலுக்கு மேற்கே வயலோரம் ஒரு சிறு கல் கோபுரம் நிற்கிறது. உமாகோவின் பேரன் இருகா 645-இல் அரண்மனையில் வெட்டப்பட்டான். அவன் தலை இங்கே விழுந்ததாக ஊரார் சொல்கிறார்கள். கோயில் கட்டிய குலத்தின் தலைமை வழி மூன்றாம் தலைமுறையில் முடிந்துபோயிற்று.

நேரம் இருந்தால் மறுநாள் நாராவில் கங்கோஜிக்கும் போங்கள். 718-இல் இடம் மாறிய கோயில் அதுதான். அங்குள்ள கூரையின் ஒரு பகுதியில் பல நிறத்தில் ஓடுகள் தெரியும். அவற்றில் சில அசுகாவிலிருந்து வந்தவை. பெக்ஜே ஆசான்கள் தொடங்கிவைத்த வேலை, இன்னும் மழையைத் தாங்குகிறது. அசுகாவைப் பார்த்த பிறகு போனால்தான் அந்த ஓடுகள் கண்ணில் படும்.