வெயில் வட்டத்தோடு ஓராண்டு

பருவம் மாறுவதை நாட்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன் என்ற உறுத்தல் எனக்கு வெகுநாளாக இருந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளச் சென்ற ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் இரண்டு பழக்கங்களை ஏற்றுக்கொண்டேன். வாரம் ஒருமுறை காலை ஏழரை மணிக்கு, கிழக்கு ஜன்னல் வழியே வந்து எதிர்ச்சுவரில் விழும் வெயிலின் இடத்தைப் பென்சிலால் குறிப்பது ஒன்று. நாள்தோறும் மனத்துக்கு இதமாக இருந்த சின்ன விஷயங்களைக் குறிப்பேட்டில் எழுதுவது மற்றொன்று.

முதல் இரண்டு வாரங்கள் வீணாயின. ஜன்னல் சட்டத்தின் நிழலோரம் சுவரில் ஓர் அங்குல அகலத்துக்கு மங்கிக் கலைந்திருந்ததால், வெயில் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடவே முடியவில்லை. பிறகு ஓர் அட்டையில் சிறிய துளையிட்டு ஜன்னலில் பொருத்தி, மற்றப் பகுதியை மறைத்தேன். கத்தி சரியாகப் பிடிபடாமல் துளை முக்கோணமாக அமைந்துவிட்டது. ஆனால் மூன்று மீட்டர் தள்ளியிருந்த சுவரில் விழுந்ததோ ஏறக்குறைய வட்டமான ஒளி. அதைக் கண்டபோது உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. சுவரில் விழுந்திருந்தது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் உருவம். துளைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை 108ஆல் வகுத்தால் அந்த உருவத்தின் அகலம் கிடைக்கும். எனக்கு அது 28 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. நிழலோரத்தை மங்கலாக்கியதும் சூரியனுடைய இதே அகலம்தான். சுவரில் வெள்ளைத் தாள்களை ஒட்டி, மார்ச் 21 அன்று முதல் வட்டத்தை வரைந்தேன். செய்து பார்க்க விரும்புவோர் துளை வழியாகச் சூரியனை ஒருபோதும் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது சுவரை மட்டுமே.

மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் வட்டம் நகர்ந்த வேகம் என்னைத் திகைக்க வைத்தது. சூரியன் வடக்கே போகப் போக வட்டம் சுவரில் தெற்கே நகர்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழத் தன் அகலத்தில் முக்கால் பங்கு, வாரத்துக்கு அரைச் சாணுக்கும் மேல். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களை ஒட்டித்தான் சூரியன் இவ்வளவு விரைவாக இடம் மாறுகிறது. பருவம் மெல்ல, யாரும் அறியாமல் மாறுகிறது என்று நினைத்திருந்த எனக்கு, ஏழே நாளில் அரைச் சாணுக்கும் மேல் என்பது பெரிய செய்தி.

குறிப்பேட்டு வேலை அவ்வளவு நன்றாகத் தொடங்கவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து மகிழ்ச்சிகள் எழுத வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டதில், மாலையில் கணக்கை நிரப்புவதற்காகவே எதையாவது தேடிப் பிடித்து எழுதினேன். மே மாத நடுவில் படித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் உயிரில்லாத வரிகள். ஒன்று போதும், அதுவும் நடந்த இடத்திலேயே எழுத வேண்டும் என்று மாற்றிய பிறகுதான் அது எனக்குப் பயன்பட்டது. பெரும்பாலும் அந்த ஒன்று வட்டத்துக்காகக் காத்திருந்த பத்து நிமிடங்களிலேயே கிடைத்தது: ஒளிக்கற்றைக்குள் நுழைந்ததும் மின்னி, வெளியே போனதும் காணாமல் போகும் தூசி, வெயில் ஏறிய பக்கம் மட்டும் கதகதப்பாகிவிட்ட நாற்காலிக் கை, துவைத்து உலர்ந்த துணியை மடிக்கும்போது எழும் மணம்.

ஜூன் 21ஐ ஒட்டி வட்டம் பக்கவாட்டில் ஏறக்குறைய நின்றது. இரண்டு வாரங்களில் வரைந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தாளில் ஒரு கருமையான இடம் உண்டாயிற்று.

பிறகு மழைக்காலம் வந்தது. ஐந்து வாரங்கள் தொடர்ந்து வட்டமே விழவில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் அதே ஏழரை மணிக்கு, அதே ஜன்னலருகில் நிற்கும் பழக்கத்தை விடவில்லை. கண்ணுக்கு வேலையில்லாத அந்த நாட்களில் மூக்குக்கு வேலை கிடைத்தது. உலர்ந்த தரையில் தூறல் விழும்போது மண்வாசனை கமழ்ந்து எழுகிறது, பெருமழையில் அவ்வளவாக எழுவதில்லை என்பதைக் குறிப்பேட்டில் மூன்று முறை எழுதிய பிறகுதான் காரணம் தேடினேன். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அந்த வாசனையில் முக்கியமானது. காற்றில் ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தால்கூட மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நுண்துளைகளுள்ள தரையில் துளி மோதும்போது அடியில் சிறைப்படும் காற்று, குமிழிகளாக மேலே வந்து வெடித்து, வாசனையைச் சுமந்த நுண்திவலைகளை வீசுவதை 2015இல் ஆய்வாளர்கள் அதிவேக கேமராவில் படம்பிடித்துக் காட்டினர். மென்மையான, நிதானமான மழையில்தான் இது அதிகம் நிகழ்கிறது. ஆங்கிலத்தில் இந்த வாசனைக்கு ‘பெட்ரிகோர்’ என்று 1964இல்தான் பெயரிட்டார்கள். மண்வாசனை என்று எளிதாகச் சொல்லிவிடும் மொழி நமக்கு வாய்த்திருப்பதை நினைத்து அன்று மகிழ்ந்தேன். அன்றைய வரியும் அதுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும், நாளைப் பத்துப் பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாகவும் பிரிக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இவை எனக்கு இரண்டு தனித்தனிப் பட்டியல்கள்தான். கூதிரின் விடியல் வேறு, முதுவேனிலின் விடியல் வேறு என்பதை ஒரே ஜன்னலில் நின்று பார்த்த பிறகே, இரண்டும் ஏன் சேர்த்துச் சொல்லப்பட்டன என்பது எனக்குப் புரிந்தது.

பனிக்காலத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இலை நுனிகளில் பனித்துளி கோத்திருந்த காலைகளிலெல்லாம் வட்டமும் பெரும்பாலும் தவறாமல் விழுந்தது. மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரையும் இலையும் தம் வெப்பத்தை வானுக்கு விட்டுக் குளிர்வதால்தான் பனித்துளி உருவாகிறது. மேகம் இருந்தால் அது போர்வையாகி வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே வாசலில் நனைந்த இலையைத் தொட்டுப் பார்த்தே, சுவரில் வட்டம் விழுமா என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

டிசம்பர் இறுதியில் ஒரு புதிர். வட்டம் வடக்கு எல்லையை அடைந்து பக்கவாட்டில் நின்றுவிட்டது. ஆனால் மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது. வட்டம் சுவரில் மேலே ஏறினால் அதே மணிக்குச் சூரியன் வானில் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். மிகக் குறுகிய பகல் கடந்த பிறகும் சூரியன் ஏன் மேலும் மேலும் பிந்துகிறது? சூரியன் உச்சிக்கு வரும் ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரையிலான நேரம் எப்போதும் சரியாக 24 மணி நேரமாக இருப்பதில்லை. டிசம்பர் இறுதியில் அது ஏறத்தாழ அரை நிமிடம் கூடுதலாக இருக்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பது ஒரு காரணம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் விரைந்து செல்வது இன்னொரு காரணம். அந்த அரை நிமிடங்கள் சேர்ந்துதான் என் வட்டத்தை மேலே தள்ளியிருந்தன. பிப்ரவரியில் எல்லாப் புள்ளிகளையும் இணைத்துப் பார்த்தபோது, சாய்ந்து நீண்ட 8 என்ற வடிவம் தாளில் தெரியத் தொடங்கியது.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தொடங்கி, முதல் பூ, முதல் தளிர், தவளையின் முதல் குரல் என வசந்தத்தின் அறிகுறிகளைக் குறித்து வந்தார். அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தனர். என்னிடம் இருப்பது 52 வாரங்களில் கிடைத்த 37 வட்டங்கள் மட்டுமே.

வாரக் கணக்கு இந்த ஆண்டு மார்ச் 20 அன்று முடிந்தது. ஒரு நாள் காத்திருந்து, மார்ச் 21 காலை ஏழரை மணிக்கு முதல் வட்டத்தின் முன் நின்றேன். புதிய ஒளி அதன்மேல் ஏறக்குறைய முழுவதும் பொருந்தியது. ஆனால் நடுப்புள்ளி அரை சென்டிமீட்டர் வடக்கே தள்ளியிருந்தது. ஓராண்டு என்பது 365 நாட்களோடு ஏறத்தாழ ஆறு மணி நேரமும் சேர்ந்தது. அந்த ஆறு மணி நேரப் பயணம் சூரியனுக்கு இன்னும் மீதமிருந்தது. அன்றைய வரியாக அந்த அரை சென்டிமீட்டரையே எழுதினேன்.