டெல்டா லைன்

மார்ச் 3, 2025

நம் மோட்டார் கம்பெனிக்கு டெல்டா லைன், அதாவது காவிரி டெல்டா விற்பனை, பார்க்கும் தம்பி தஞ்சாவூரில் இருந்து கூப்பிட்டார். "அண்ணா, ராஜ்கோட் கம்பெனிக்காரங்க பேசினாங்க. சம்பளம் ஜாஸ்தி, காரும் தர்றாங்களாம். நீங்க ஒரு முடிவு சொல்லுங்க." மிரட்டலை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல அவரால்தான் முடியும். மோட்டார் விற்கும் சீசன் தொடங்கியாச்சு. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், அதற்கு முன்பே போர்வெல் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது அவர் போனால் கும்பகோணம் முதல் மன்னார்குடி வரை எனக்கு முகமே இல்லை.

பொய்யாகவும் இருக்காது. ராஜ்கோட் சப்மெர்சிபிள் (போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்) நம் கோயம்புத்தூர் சரக்கை விட விலை குறைவாக வந்து இறங்குகிறது. டீலர்களைத் தெரிந்த ஆள் அவர்களுக்கும் வேண்டும்.

மார்ச் 5

கணக்கு பார்க்கும் அக்காவோடு லெட்ஜரைப் புரட்டினேன். ஆர்டரில் இவர்தான் முதல், சந்தேகமே இல்லை. ஆனால் மன்னார்குடிக் கடையின் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. நவம்பரில் போட்ட பில். ஜனவரியில் இருபதாயிரம், பிப்ரவரியில் பதினைந்தாயிரம் என்று சில்லறையாக வரவு. பாதிக்கு மேல் இன்னும் நிற்கிறது. அந்த பில்லுக்குத் தம்பியின் இன்சென்டிவ், அதாவது விற்பனை ஊக்கத்தொகை, டிசம்பரிலேயே கொடுத்தாச்சு. "தம்பி விக்கறது மோட்டார் இல்லீங்க, கடன்" என்றார் அக்கா. கொஞ்சம் கடுமைதான். கடன் கொடுக்காமல் டெல்டாவில் யார் விற்றார்கள்?

மார்ச் 6

ஆடிட்டரிடம் போனேன். வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கலாமா என்றேன். சிரித்தார். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி அது செல்லாதாம். பாண்டு யோசனை அங்கேயே முடிந்தது.

வேறொன்று உருப்படியாகச் சொன்னார். நாம் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள சிறு உற்பத்தியாளர். எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் டீலர் பணம் தர 45 நாளைத் தாண்டக்கூடாது. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-க்குள்ளும் தீராவிட்டால், அந்தக் கொள்முதலை அவர் இந்த வருஷச் செலவில் காட்ட முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவாம். டீலர்களின் ஆடிட்டர்களே இந்த மாதம் நமக்காக வசூல் பண்ணுவார்கள் போல.

மார்ச் 8

சேலம் லைன் பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அவருக்கு மட்டும் ஏசி ரூம் பில் பாஸ் ஆகுதுங்களே?" விஷயம் கசிந்துவிட்டது. கார் கொடுத்தால் நாளைக்கு நாலு கார்.

மார்ச் 12

தம்பி நேரில் வந்தார். டீ ஆறும் வரை யாரும் ஆரம்பிக்கவில்லை. சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றேன். இன்சென்டிவ் சதவீதமும் கூடும், ஆனால் பணம் வந்த பிறகுதான். 45 நாளுக்குள் வந்தால் முழுசு, 90 தாண்டினால் ஒன்றும் இல்லை. முணுமுணுத்தார், மறுக்கவில்லை. சர்வீஸ் பையனை மாதம் ஒருமுறை உங்களோடு அனுப்புவேன் என்றதும்தான் குரல் ஏறியது. "என் லைனுக்கு எதுக்குண்ணா இன்னொரு ஆள்?"

பேரத்தின் முடிச்சு அங்கேதான். டீலர் அவரை நம்பட்டும், நல்லதுதான். அவரை மட்டும் நம்பினால் கம்பெனி அவர் சட்டைப்பையில். அதை அப்படியே சொல்லவில்லை. பையன் இருந்தால் உள்ளே கம்பிச் சுருள் எரிந்த மோட்டாரை அங்கேயே பார்த்துவிடலாம் என்றேன். உடனே கொட்டினார். வாரண்டி மோட்டார் இங்கே வந்து ரீவைண்டிங் (புதுக் கம்பி சுற்றுவது) ஆகித் திரும்ப மூன்று வாரம், அதுவரை விவசாயி டீலரைத் திட்ட, டீலர் இவரைத் திட்ட. தஞ்சாவூரில் மாற்று மோட்டார் நாலு இருந்தால் பாதிப் பிரச்சினை போகும் என்றார். கார் கேட்டவரிடம் நான் எதிர்பார்க்காத கோரிக்கை. கேட்ட மோட்டார்களை அன்றைக்கே லாரி ஏற்றச் சொன்னேன்.

ஏப்ரல் 2

மன்னார்குடிப் பாக்கி 29-ஆம் தேதியே வந்துவிட்டது. புது இன்சென்டிவ் கடிதத்தில் தம்பி கையெழுத்துப் போட்டார். சர்வீஸ் பையன் அடுத்த வாரம் அவரோடு போகிறான்.

"ராஜ்கோட்டுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "இல்லைன்னு சொல்லலைங்ணா, அப்புறம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன். கார் விஷயம் தீபாவளிக்குப் பேசுவோம்."

சரி, தீபாவளிக்குள், தேவைப்பட்டால் டெல்டாவையும் பார்க்கிற மாதிரி, திருச்சி லைனுக்கு ஒரு ஆளைத் தயார் பண்ண வேண்டும்.